சிறுவர் பண்ட விற்பனையும் பெற்றோர் பங்கும்

திருவண்ணாமலையினின்றும் வேலூர் செல்லும் சாலையில், நகரத்தை அடுத்திருப்பது வேங்கிக்கால் என்னும் எம் ஊர். ஊருக்கு ஓர் ஏரி உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இங்கேதான் இருக்கின்றது. வெளியில் வந்து நின்று நோக்கினால் அண்ணாமலை தோன்றும். முழுமதி நாளில் 14 கிலோமீட்டர்ப் பாதையில் மலையை வலம்வரும் மக்கட் கூட்டத்திற்கு இளநீரும் சுண்டலும் விற்போர் பலர். ஆகவே விற்றலும் வாங்கலும் எம்மூர்ப் பிள்ளைகட்குக் காணாத காட்சி அல்ல. எனினும் பிறர் விற்கக் காண்பது வேறு. தானே ஒரு பொதியைக் கையிலேந்திப் பிறர் வாயிலில் நிற்பது வேறு. அவ்வேறுபாட்டை யான் உணர்ந்தது என் பதினோராம் அகவையில்.

அவ்வாண்டு எங்கள் சபையின் வாலிபர் சங்கத்தார் கோடை முகாம் ஒன்றிற்குப் பொருள் திரட்ட எண்ணினர். கடையினின்று சோன்பப்டிப் பொதிகளை மொத்தமாக வாங்கி, ஓய்வுநாட் பள்ளிப் பிள்ளைகள் முப்பதின்மருக்கும் தலைக்கு இருபதாகப் பகிர்ந்தளித்தனர். பொதி ஒன்று ரூ. 25. இரண்டு வாரத்திற்குள் விற்றுப் பணத்தை ஒப்புவித்தல் வேண்டும். பை நிறையப் பொதிகளோடு யான் வீடு சேர்ந்தபோது என் தாயார் அதனைத் திறந்து பார்த்து, ஒன்றும் கூறாமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். எறும்பு ஏறாதிருக்கும் பொருட்டு என்று அன்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் யான் விற்றவை ஏழு. அடுத்த வீட்டு அத்தை ஒன்று வாங்கினார். தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன் ஒன்று வாங்கினார். இரக்கத்தால் வாங்கியோர் மூவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு பொதிகளை வாங்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி ஒரு வினாவும் விடுத்தார்: “இதில் உன் சங்கத்துக்கு எவ்வளவு சேரும், தம்பி?” எனக்கு விடை தெரியவில்லை. எல்லாப் பணமும் சங்கத்துக்கே என்று கூறிவிட்டு இறங்கி வந்தேன். அது பொய் என்பது அப்பொழுது எனக்குத் தெரியாது. எஞ்சிய பதின்மூன்றையும் என் தாயாரே வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் எங்கள் இல்லத்திற்கு வந்த விருந்தினர் அனைவரும் சோன்பப்டியே உண்டனர்.

அந்த ஆசிரியரின் வினாவிற்கு விடை கண்டது, சென்ற ஆண்டு யான் சங்கத்தின் பழைய கணக்கேட்டைப் புரட்டியபோது. கடைக்காரருக்குக் கொடுத்த விலை பொதிக்கு ரூ. 15. சங்கத்திற்கு எஞ்சியது ரூ. 10. முப்பது பிள்ளைகள், அறுநூறு பொதிகள், ரூ. 15,000 வசூல், அதில் ரூ. 9,000 கடைக்கு, ரூ. 6,000 சங்கத்திற்கு. இப்பொழுது என் தாயாரின் கணக்கைப் பாருங்கள். அவர் கொடுத்தது ரூ. 325. அதில் சங்கத்தைச் சேர்ந்தது ரூ. 130, இனிப்புக் கடையைச் சேர்ந்தது ரூ. 195. பிள்ளைகளின் பெற்றோர் முப்பது குடும்பத்தாரும் தலைக்கு ரூ. 200 நேராகக் காணிக்கைப் பையில் இட்டிருப்பின், அதே ஆறாயிரம் ஒரு சோன்பப்டியும் நொறுங்காமல் வந்திருக்கும். என் தாயாருக்கும் ரூ. 125 மிஞ்சியிருக்கும். அங்ஙனமாயின், பிள்ளைகளை வீதிக்கு அனுப்பியது எதன் பொருட்டு? இதனைச் சற்று ஆராய்தல் நலம். நம் கல்லூரி மாணவர் பலர் விடுமுறையில் தத்தம் ஊரில் வாலிபர் சங்கங்களை நடத்துவோராதலின், இவ்வாராய்ச்சி அவர்க்கும் பயன்படக்கூடும்.

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் பொருள் திரட்டும் வழக்கங்கள் பழைமையானவை. அறுப்பின் பண்டிகையை அறியாதார் நம்முள் யார்? வாழைத்தார், பூசணி, தேங்காய், கோழி, முட்டை என அவரவர் நிலத்திலும் முற்றத்திலும் விளைந்தவற்றை ஆலயத்திற் படைப்பர். ஆராதனை முடிந்தபின் அவற்றை ஏலம் விடுவர். இருவர் போட்டியிட்டால் ஓர் எலுமிச்சம்பழம் ஒரு கூடைப் பழத்தின் விலைக்குப் போவதும் உண்டு. ஏலம் கேட்பவர் பழத்திற்காகக் கேட்பதில்லை, கொடுப்பதற்காகவே கேட்கிறார், அதை அவரும் அறிவர், சபையும் அறியும். உலை வைக்கும்போதெல்லாம் பெண்டிர் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைக்கும் வழக்கமும் அத்தகையதே. மிசோரம் நாட்டுத் திருச்சபையில் 1910-ஆம் ஆண்டு தொடங்கிய பிடியரிசித் திட்டம் இன்றளவும் நடைபெற்று அச்சபையின் ஊழியங்களைத் தாங்கி வருகின்றது. இவற்றிலெல்லாம் கொடுப்பவரும் பொருளுக்குரியவரும் ஒருவரே. பிள்ளைகள் கூடையைச் சுமப்பர், பாடுவர். கிறிஸ்து பிறப்பு நாட்களில் இரவில் வீடுவீடாகச் சென்று கீதம் பாடி உண்டியல் நீட்டுவர். ஆயினும் கடைப்பண்டத்தை விலைகூறும் வேலை அவர்களுடையதாய் இருந்ததில்லை.

சிறுவர் தின்பண்டம் விற்றுத் தம் சங்கத்தைத் தாங்கும் முறை பெரிய அளவில் வளர்ந்தது அமெரிக்க நாட்டில். ஆங்கே ஜூலியட் கோர்டன் லோ என்னும் அம்மையார் 1912-ஆம் ஆண்டில் பெண் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார். ஐந்தாண்டு சென்றபின், 1917-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஓக்லஹோமா மாகாணத்து மஸ்கோகி நகரச் சாரணியர் குழு ஒன்று பிஸ்கோத்து சுட்டு, உயர்நிலைப் பள்ளியின் சிற்றுண்டிச் சாலையில் விற்றது. இதுவே அவ்வியக்கத்தின் பிஸ்கோத்து விற்பனைக்கு முதற் சான்றாகக் காட்டப்படுகின்றது. அந்நாளில் அடுப்பு அவரவர் வீட்டு அடுப்பே. சிறுமியர் மாவு பிசைந்தனர். அன்னையர் அருகிருந்து முறை கூறினர். பெற்றோர் பங்கு என்பது சமையலறையில் தொடங்கிச் சமையலறையிலேயே முடிந்தது.

1922-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்வியக்கத்தின் இதழில், சிகாகோவைச் சேர்ந்த பிளாரன்ஸ் நீல் என்னும் அம்மையார் பிஸ்கோத்து செய்யும் முறையையும் அதன் செலவையும் எழுதினார். ஆறு அல்லது ஏழு டஜன் செய்வதற்கான பொருள்களின் விலை 26 முதல் 36 சென்ட். டஜன் ஒன்றை 25 அல்லது 30 சென்டுக்கு விற்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள்: ஆறு டஜனைக் குறைந்த விலைக்கு விற்பினும் 150 சென்ட் வரும், செலவு மிகுதியாகவே ஆயினும் 36 சென்ட். வரவில் முக்காற் பங்குக்கு மேல் குழுவிடமே எஞ்சும். எங்கள் சோன்பப்டியில் எஞ்சியது ஐந்தில் இரண்டு பங்கே. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? சிறுமியரின் கையுழைப்பும் அன்னையரின் அடுப்பும் அக்கணக்கில் விலை பெறாமல் நின்றன. அதுவே அவர்கள் ஈந்த காணிக்கை.

பின்னர் நிலைமை மாறிற்று. 1933-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரச் சாரணியர், நகர எரிவாயு மின்சாரக் கழகத்தின் கடைச் சாளரங்களில் தாம் சுட்ட பிஸ்கோத்தை விற்றனர். மறு ஆண்டே அடுமனைச் சரக்கை விற்கத் தலைப்பட்டனர். 1936-ஆம் ஆண்டில் தலைமை நிலையம் அடுமனைகளுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரையும் மாவும் வெண்ணெயும் அருகியபோது, 1944-ஆம் ஆண்டில் சாரணியர் நாட்காட்டி விற்கும்படி நேர்ந்தது என்பர். போர் முடிந்தபின் அடுமனைகள் பெருகின. இந்நாளில் ஓராண்டில் விற்கும் பெட்டிகள் ஏறக்குறைய 20 கோடி. வருமானம் முழுதும் அந்தந்த வட்டாரத்திலேயே தங்குகின்றது என்பது அவ்வியக்கத்தார்க்குப் பெருமை. உண்மையே, எனினும் பெட்டி விலையில் சிறுபகுதியே விற்ற சிறுமியரின் குழுவுக்கு நேரே சேரும், மற்றது வட்டார அவைக்கும் அடுமனைக்கும் உரியது.

இம்மாற்றத்தில் நாம் கவனிக்கத்தக்கது பெற்றோரின் இடப்பெயர்ச்சி. பண்டம் ஆலையில் ஆகிவிட்டமையின், அன்னைக்கு அடுப்பில் வேலை இல்லை. மகளுக்கு மாவில் வேலை இல்லை. பிறகு பெற்றோர் செய்யத்தக்கது யாது? அனுமதித்தாளில் கையொப்பமிடுதல், எடுத்த பெட்டிகட்குப் பணப்பொறுப்பு ஏற்றல், வண்டியில் ஏற்றிச் செல்லுதல், எஞ்சியவற்றைத் தாமே வாங்குதல், அதற்கும் மேலாக வேண்டுகைத் தாளைத் தம் அலுவலகத்திற்குக் கொண்டுபோய் மேசை மேசையாகச் சுற்றவிடுதல். பெற்றோரின் கை அடுப்பினின்றும் பணப்பைக்கு நகர்ந்துவிட்டது. இலக்கு வகுத்தல், முடிவு செய்தல், பணத்தைக் கையாளுதல், மக்களோடு பழகுதல், வணிக நேர்மை ஆகிய ஐந்தும் விற்பனையால் சிறுமியர்க்கு வாய்க்கும் திறங்கள் என்று அவ்வியக்கம் கூறுகின்றது. தந்தையார் அலுவலகத்தில் விற்ற பெட்டியால் இவ்வைந்தும் பெற்றவர் தந்தையாரே என்க.

அலுவலக விற்பனையில் வேறொரு தீங்கும் உண்டு. எங்கள் சபையிலும் அவ்வாண்டு முதற்பரிசு பெற்ற சிறுவனின் தந்தையார் ஓர் அலுவலகத்தில் உயர்ந்த நிலையில் இருந்தவர். இருபது பொதிகளும் ஒரே நண்பகலில் விற்றுப்போயின. பின்னும் இருபது கேட்டு வாங்கிச் சென்றார். மேலதிகாரி நீட்டும் பொதியை வேண்டாவென்று கூறும் எழுத்தர் எவர்? சிறுவன் நீட்டினால் “இல்லை, தம்பி” என்று கூற வாங்குவோர்க்கு உரிமை உண்டு. அவ்வுரிமை தந்தையின் மேசை முன் இல்லாது போகின்றது. தானமாக வரவேண்டிய பணம் அங்கே வரியாக மாறிவிடுகின்றது. அவர் நல்லவர், இவ்வாறு எண்ணிச் செய்தவர் அல்லர். பிள்ளைமேல் உள்ள அன்பால் செய்தார்.

இனி யான் கூறப்போவது, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி. என் வகுப்பிற் பயின்ற தோழன் ஒருவனும் இருபது பொதிகள் பெற்றான். அவன் தாயார் கட்டட வேலைக்குச் சித்தாளாகச் செல்பவர், தந்தையார் இல்லை. விற்பனையில் எங்கள் எல்லோரினும் அவனே வல்லவன். பள்ளி விட்டதும் ஏரிக்கரை வரை நடப்பான், கூச்சமின்றிக் கூவுவான், முதல் வாரத்திலேயே பதினொன்றை விற்றுவிட்டான். பின்னர் ஒரு மாலை பெருமழை. ஒதுங்க இடமின்றி ஓடியவனின் பை நனைந்தது. சோன்பப்டியின் இயல்பு உங்களுக்குத் தெரியும். நீர் பட்டால் அது பண்டம் ஆகாது, பசை ஆகும். ஒன்பது பொதிகள் கெட்டன. அவற்றின் விலை ரூ. 225. சங்கத்தார் எவரும் கடுஞ்சொல் கூறவில்லை. “மெதுவாகக் கொடுக்கட்டும்” என்றனர். அவன் தாயார் மூன்று தவணையிற் கொடுத்துத் தீர்த்தார்.

அடுத்த ஞாயிறன்று சபை அறிவிப்பின்போது பெயர்கள் வாசிக்கப்பட்டன. யார் எத்தனை விற்றார் என்ற பட்டியல் அது. என் பெயர், இருபதையும் விற்றோர் வரிசையில் வந்தது. கைதட்டினர், யானும் எழுந்து நின்றேன். அவன் பெயர் கடைசியில் வந்தது: “பதினொன்று.” ஏழு விற்ற எனக்குக் கைதட்டும், பதினொன்று விற்ற அவனுக்குக் கடைசி இடமும் கிடைத்தன. அதன்பின் அவன் ஓய்வுநாட் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். தெருவிற் கண்டால் பேசுவான். இதுபற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆலயத்தில் காணிக்கை இட்ட செல்வரையெல்லாம் விட்டு, இரு காசு இட்ட ஏழை விதவையை நம் ஆண்டவர் சுட்டிக்காட்டிய பகுதியை அதே இடத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கின்றோம். அவர் காசை எண்ணவில்லை, எஞ்சியதை எண்ணினார். எங்கள் பட்டியலைத் தயாரித்தவர்க்கு அக்கணக்கு நினைவுக்கு வரவில்லை. எழுந்து நின்ற எனக்கும் வரவில்லை.

பண்டமின்றியும் சிறுவர் விற்றதுண்டு. டென்மார்க்கு நாட்டில் எய்னர் ஹோல்பெல் என்னும் அஞ்சலக எழுத்தர், கிறிஸ்து பிறப்பு வாழ்த்து மடல்களில் ஒட்டும் அழகிய வில்லை ஒன்றை விற்று நோயுற்ற குழந்தைகட்கு உதவலாம் என எண்ணினார். 1904-ஆம் ஆண்டில் முதல் வில்லை வெளிவந்தது. அவ்வாண்டே நாற்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. டேனிஷ் மிஷனார் பள்ளி நிறுவிய திருவண்ணாமலையார்க்கு இச்செய்தியில் சிறிது உறவு பாராட்ட இடமுண்டு. அவ்வில்லை பல நாடுகளிலும் பரவி, நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டில் காசநோய் வில்லையாக வந்து, பள்ளிகள் வழியாகப் பிள்ளைகள் கையை அடைந்தது. 1949-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் முதல் படைவீரர் நலனுக்காகக் கொண்டாடப்படும் கொடிநாளும் அவ்வாறே பள்ளிகளை வந்தடைந்தது. விற்க வேண்டிய தாளைப் பிள்ளை புத்தகப் பையில் வைத்துக்கொண்டு வரும்; மறுநாட் காலை தந்தையார் சட்டைப் பையினின்று பணம் எடுத்துக் கொடுப்பார்; தாள் கிழிபடாமல் மேசையறையில் உறங்கும். நம்முள் பலர் இதனை அறிவோம். விற்பனை என்ற பெயரும் வில்லை என்ற பொருளும் இருக்கும். விற்றவரும் வாங்கியவரும் மட்டும் இருக்கமாட்டார்.

சாரணச் சிறுவர்க்கு வேறொரு வழி கண்டனர். 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், அயலார் வீட்டிற்குச் சென்று ஒரு சிறுவேலை செய்து ஒரு ஷில்லிங் பெறும் வாரம் தொடங்கிற்று. நம் நாட்டுச் சாரணரிடையே ‘கரி கமாய்’ என வழங்குவது அதனையொத்த முறை. உழைத்துப் பெற்றமையால் அப்பணத்தில் ஐயம் இல்லை. எனினும் அறியாதார் வீட்டினுள் பிள்ளையை அனுப்புதல் பற்றிய அச்சம் பிற்காலத்தில் இங்கிலாந்தில் அதனை நலிவித்தது. அவ்வச்சம் இங்கும் உண்டு. பெற்றோரின் துணை வேண்டுவது அங்கே. எட்டாண்டுகட்கு முன் யான் தனியே ஏறிய மாடிகளில் இன்று என் தங்கையைத் தனியே அனுப்ப என் தாயார் இசையார். யானும் இசையேன்.

இங்கே ஒரு தடை எழுப்புவாருளர். சிறுவரை விற்கச் செய்வது குழந்தைத் தொழில் ஆகாதோ என்பர். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், பதினான்கு வயது நிரம்பாதவரை எத்தொழிலிலும் அமர்த்துதல் குற்றம். பள்ளி நேரம் போகத் தம் குடும்பத்திற்கு உதவுதல் போன்றவை மட்டும் விலக்கு. ஒரு ஞாயிறு மாலை தன் சங்கத்துக்காகப் பலகாரம் விற்கும் பிள்ளையை இச்சட்டம் நினைத்து இயற்றப்படவில்லை. ஆயினும் சட்டத்தின் உள்ளக்கருத்தை நாம் மறத்தலாகாது. இலக்கு விதித்து, விற்காததற்குப் பணம் கேட்டு, பட்டியலும் வாசித்தால், அப்பிள்ளைக்கும் கமிஷன் முகவருக்கும் என்ன வேறுபாடு? முகவருக்காவது கமிஷன் உண்டு.

விற்றல் தாழ்வான தொழில் என்பது என் கருத்தன்று. வகுப்பில் பெரும்பாணாற்றுப்படை பாடம் கேட்டபோது, அதில் வரும் ஆய்மகள் என் மனத்தில் நின்றுவிட்டாள். விடியலில் எழுந்து தானே தயிர் கடைகிறாள்; மோர்ப்பானையைத் தலையிற் சுமந்து தானே ஊருக்குட் செல்கிறாள்; மோருக்கு நெல் பெற்று வந்து சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் நீட்டினாலோ கொள்ளமாட்டாள். எருமையும் பசுவுமாகப் பெறுவாள். பொன் கன்று ஈனாது என்பது அவளுக்குத் தெரியும் போலும். ஆக்கியவள், சுமந்தவள், விலை பேசியவள், வரவை இன்னதாக்குவது என்று துணிந்தவள் ஆகிய நால்வரும் ஒருத்தியே. அவள் பானையைச் சுமந்துகொண்டு பின்னே வந்த தாய் எவளும் அப்பாட்டில் இல்லை. எனினும் அவள் கையில் முதன்முதல் மத்தைக் கொடுத்துக் கயிறு இழுக்கக் கற்பித்தவள் ஒருத்தி இருந்திருப்பாள். பெற்றோர் பங்கு யாது என்று என்னைக் கேட்டால், அந்தக் காணப்படாத தாயைக் காட்டுவேன்.

சென்ற ஆண்டு வாலிபர் சங்கம் மீண்டும் விற்பனை பற்றிப் பேசியபோது, கணக்கேட்டிற் கண்டதை என் தாயாரிடம் கூறினேன். ரூ. 195 கடைக்குச் சென்ற செய்தியைக் கேட்டு அவர் வியப்படையவில்லை. “அன்றே தெரியும். நீ அழுதுவிடக்கூடாது என்று வாங்கினேன்” என்றார். “இம்முறை வாங்கமாட்டேன். வேண்டுமானால் அடுப்பு தருகிறேன்” என்றும் கூறினார்.

எங்கள் மாவட்டத்தில் வேர்க்கடலை நிறைய விளைகின்றது; ஊரார் அதனை மல்லாட்டை என்பர். ஆகவே கடலை உருண்டை என முடிவாயிற்று. தோழியர் இருவரோடு என் தாயார் மூவராய் அடுப்பை ஏற்றனர். ஒரு கிலோ பருப்புக்கு முக்காற் கிலோவிற்குச் சற்றுக் குறைந்த வெல்லம். கடலையை வறுப்பது பெரியவர் வேலை. ஆறியபின் தேய்த்துத் தோல் நீக்கி முறத்திற் புடைப்பது பிள்ளைகள் வேலை. முறம் பிடிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரும் இல்லை. முதல் அரைமணி நேரம் தோல் எங்கள் தலைமேலும் கடலை தரைமேலும் கிடந்தன. பாகு காய்ச்சும்போது பிள்ளைகளை இரண்டடி விலக்கி நிறுத்தினர். தண்ணீரில் ஒரு துளி விட்டு, உருட்டித் தட்டில் எறிந்தால் ‘டங்’ என்று ஓசை எழவேண்டும், அதுவே பதம். ஓசை கேட்கப் பிள்ளைகள் அனைவரும் மூச்சடக்கி நின்ற காட்சியை, ஓய்வுநாட் பள்ளியில் எந்தப் பாடத்தின்போதும் யான் கண்டதில்லை. கலவை சூடு தணியத் தொடங்கியதும் அரிசி மாவு தொட்டு விரைந்து உருட்டல் வேண்டும். ஆறினால் உருளாது, சுட்டால் பொறுக்காது. பெரிய பிள்ளைகள் உருட்டினர். சிறியோர் எண்ணினர், நான்கு நான்காகப் பொதிந்தனர், ‘வேர்க்கடலை, வெல்லம், ஏலம்’ என்று ஒவ்வொரு பொதியின் மேலும் எழுதினர். கடலை ஒவ்வாதவர் உண்டாதலின் இவ்வெழுத்து இன்றியமையாதது. ஏலக்காயை ‘ஏளம்’ என்று எழுதிய பொதிகளும் சில உண்டு. தமிழ் ஆனர்ஸ் பயிலும் யான் அருகிலிருந்தும் அது நேர்ந்தமைக்கு வெட்குகின்றேன்.

விலையைப் பிள்ளைகளே வகுத்தனர். கிலோ ஒன்றுக்குப் பருப்பு, வெல்லம், ஏலம், எரிவாயு, தாள் எல்லாம் சேர்ந்து ரூ. 210 ஆயிற்று, எண்பது உருண்டை கிடைத்தது, இருபது பொதி. பொதி ரூ. 20 எனின் ரூ. 400. “இதில் சங்கத்துக்கு எவ்வளவு?” என்று எவர் வினவினும் “பொதிக்கு ஒன்பதரை ரூபாய்” என்று விடையிறுக்க எட்டு வயதுச் சிறுமிக்கும் தெரிந்திருந்தது. விற்கச் செல்லும்போது பெற்றோர் ஒருவர் உடன் சென்றார். ஆயினும் வாயிலில் பத்தடி தள்ளியே நின்றார், வாய் திறக்கவில்லை. இது எழுதுவதற்கு எளிது, நிற்பதற்கு அரிது. ஒரு தந்தையார் தம் மகன் திக்குவதைக் கண்டு பொறாமல் மூன்று முறை முன்னே வந்துவிட்டார். மகனே அவரைத் திருப்பி அனுப்பினான். தம் பிள்ளையிடம் ஒரு பொதிக்கு மேல் எவரும் வாங்கலாகாது, எஞ்சியது சங்கத்துக்கே திரும்பும், கெட்டது சங்கத்தின் நட்டம், பெயர் வாசித்தல் இல்லை என்பன முன்னரே பேசி முடிவு செய்யப்பட்டவை. கடைசி விதிக்கு எதிர்ப்பு இருந்தது. பரிசு இல்லையேல் பிள்ளைகட்கு ஊக்கம் ஏது என்று மூத்தவர் ஒருவர் வாதித்தார். முற்றிலும் தவறென்று கூற இயலாது. இரண்டாம் நாள் சிலர் வரவே இல்லை.

எட்டுக் கிலோ பருப்பில் 160 பொதி ஆகியிருக்க வேண்டும்; விற்றவை 154. வரவு ரூ. 3,080, செலவு ரூ. 1,680, எஞ்சியது ரூ. 1,400. “ஆறாயிரம் எங்கே, ஆயிரத்து நானூறு எங்கே?” என்று அதே மூத்தவர் வினவினார். பணமே நோக்கமாயின் அவர் வினா சரியே. அந்நோக்கத்திற்குக் காணிக்கைப் பையினும் சிறந்த கருவி இல்லை என்றும், பிள்ளைகளை இடையில் நிறுத்த வேண்டுவதில்லை என்றும் விடை கூறினேன். முகாமுக்குக் குறைந்த பணத்தைப் பெற்றோர் பின்னர் நேராகவே கொடுத்தனர். எவர் எவ்வளவு கொடுத்தார் என்பது பொருளாளர் ஒருவருக்கே தெரியும்.

கணக்கேட்டை எழுதியவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. என் பழைய தோழனின் தங்கை. அவன் வரவில்லை, தங்கையை ஆலய வாயில் வரை மிதிவண்டியில் கொண்டுவந்து விட்டுச் சென்றான். இரண்டாம் நாள் வாயிலிலேயே நின்று இரண்டு பொதி வாங்கினான். தங்கையிடம் ஒன்றும், என்னிடம் ஒன்றும். என்னிடம் பணத்தைக் கொடுக்கும்போது, “மழை வருமா பார்த்துக்கொள்” என்று சிரித்தான். ஆறு பொதிக் குறைவு எவ்வாறு நேர்ந்தது என்று பொருளாளர் வினவ, அச்சிறுமி ஏட்டை நீட்டினாள். கடைசி வரியில் அழகிய கையெழுத்தில் இவ்வாறு இருந்தது: ‘உடைந்த உருண்டை 24. உண்டவர் பெயர் எழுதப்படவில்லை.’